சுவரைப் பார்த்து நிற்கும் வண்டி

"இப்ப நீங்களே பின்னாடி எடுங்க சார். எடுத்துட்டீங்கன்னா மத்ததப் பேசலாம்" என்றார் மீசைக்காரர்.

பழைய பெரிய பைக்குகளை வாங்கி விற்கிறவர். மீசையை எப்போதோ மழித்துவிட்டார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் கடையில் ஒரு வழக்கம். க்ரூயிசர் என்கிற நீட்டுப் பெரிய பைக் கேட்டு யார் வந்தாலும் முதலில் சாவியைக் கொடுக்க மாட்டார். கடையின் தரை பின்சுவரை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். வண்டியின் முன்சக்கரம் சுவரைத் தொடுகிற மாதிரி கொண்டுபோய் நிறுத்திவிடுவார். இன்ஜின் போடாமல், மேலே உட்கார்ந்தபடியே காலால் உந்தி வாசல்வரை பின்னால் கொண்டுவர வேண்டும். வண்டியோ உட்காருகிற ஆளைப்போல மூன்று நான்கு மடங்கு கனம். "நேர் ரோட்டுல யாரும் ஓட்டிருவாங்கம்மா. மாட்டிக்கிட்ட எடத்துலருந்து வெளிய எடுக்கணும்ல, அங்கதான் இடுப்ப ஒடிச்சுக்கறாங்க" என்று என்னிடம் விளக்கம் வேறு சொன்னார்.

என் வீட்டுக்காரர் கறுப்பு வண்டியின் பக்கத்தில் நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். வலது கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அவரால் முடியாமல் போகவேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கட்டின மனுஷனுக்கு இப்படி வேண்டிக்கொள்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று யாரும் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்கு அவர் முழுசாக வேண்டும்.

அவர் பல் செட் செய்கிறவர். செய்தவர். மெழுகில் பல் பல்லாக அடுக்கி, கடித்தால் மேலும் கீழும் சரியாக உட்காருகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். போன வருஷம் ஒரு செட்டில் முன்பல் கோணிவிட்டது. அடுத்ததும் கோணியது. மருத்துவர் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பிறகு நடுக்குவாதம் என்றார். மாத்திரையில் கொஞ்சம் மட்டுப்படும், ஆனால் கூடிக்கொண்டுதான் போகும் என்றும் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் இவர், "வாய் நல்லாருக்கில்ல, அது போதும். உன்னோட சண்ட போட கை எதுக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. வாழ்நாளெல்லாம் ஸ்கூட்டரில் போன மனுஷன், காலையிலிருந்து க்ரூயிசர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். நான் அடுப்படியில் நிற்க, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். மீசைக்காரர் கடை வீடியோவில் வந்த இரண்டு வண்டிகள்தான் பேச்சு. கறுப்புதான் பார்க்க ராஜா. முன்சக்கரத்துக்கு நீண்ட கால், கண்ணீர்த்துளி மாதிரி டேங்க், புகைக்குழாய் இரண்டும் கண்ணாடியாய் மின்னும். ஆனால் காலை நீட்டி முன்னால் வைத்து ஓட்ட வேண்டும், பள்ளத்தில் விழுந்தால் முதுகுத்தண்டு பேசும். அரக்குச் சிவப்பு அவ்வளவு எடுப்பில்லை, கல்யாண வீட்டு சோபா மாதிரி இருக்கும். ஆனால் சீட் தணிவு, குலுங்காது, பின்சீட் அகலம், முதுகுக்குச் சாய்மானம் உண்டு, விலையும் குறைவு. இதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவார். நான் ம் கொட்டுவேன். வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. விடிந்ததும் பின்னால் குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினால் மத்தியானம்வரை சுற்று. இவர் பேச்சுக்குக் காது கொடுக்க நேரம் ஏது?

மகள்தான் போனில் புத்தி சொன்னாள். "அம்மா, வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாத. கூடப் போ. விலையக் காட்டித் தட்டிக்கழிச்சுட்டு வா." சரி என்று வந்தேன்.

வந்ததும் மீசைக்காரரிடம் இவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குச் சுருக்கென்றது. "ரெண்டு வருஷம் கழிச்சு வித்தா எது விலை போகும்?" ஓட்டை டிரான்சிஸ்டரைக்கூட விற்க மனசு வராமல் பரண்மேல் வைத்திருக்கிற ஆள். கறுப்பு வாங்கின விலையில் பெரிதாக இறங்காது, ஆள் வரிசையில் நிற்பார்கள் என்றார் மீசைக்காரர். சிவப்புக்கு உதிரிபாகம் கிடைப்பது சிரமம், அதனால் பாதிக்குத்தான் கேட்பார்கள், விற்று முடிக்க மூச்சு முட்டும் என்றார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ரெண்டு வருஷம். அவர் போட்டு வைத்திருக்கிற கணக்கு அது. என்னிடம் இதுவரை சொல்லாத கணக்கு. நான் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படித்தேன்.

இப்போது கறுப்பு வண்டியின் மேல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தார். நரைத்த தலையும் அகலமான தோளும் அந்த வண்டிக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தன. ஸ்டாண்டைத் தள்ளினார். இரண்டு பாதத்தையும் ஊன்றி உந்தினார். வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. இன்னொரு சாண். என் வேண்டுதலை அப்படியே போட்டுவிட்டு, வந்துரு வந்துரு என்று நானே முணுமுணுக்க ஆரம்பித்திருந்தேன்.

மூச்சு வாங்க நிறுத்தினார். வண்டி சரிவில் முன்னால் உருளாமலிருக்க வலது கையால் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். விரல்கள் லீவரைத் தேடின. பிடித்தன, நழுவின, திரும்பப் பிடித்தன. அதற்குள் முன்சக்கரம் திரும்பி, வண்டி இடதுபக்கம் சாய ஆரம்பித்தது. பெரிய வண்டி சாய ஆரம்பித்தால் ஒரு கட்டம்வரைதான் மனுஷன் பேச்சைக் கேட்கும். நானும் மீசைக்காரரும் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடித்தோம். என் தோளில் கைப்பிடி இடித்தது. வண்டி விழவில்லை.

இவர் இறங்கி ஓரமாகப் போய் நின்றார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். மீசைக்காரர் நல்ல மனுஷன், துணியை எடுத்து டேங்கைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"முடியாதுன்னு தெரியும்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒரு தடவ உக்காந்து பாக்கணும்னு இருந்துச்சு, பாத்தாச்சு. பெரியவரே, அந்தச் சிவப்பத் திருப்பி நிறுத்துங்க."

"சார்..." என்று மீசைக்காரர் இழுத்தார். "அதுவும் கனந்தான்."

"நான் இல்ல. இவங்க எடுப்பாங்க."

"யாரு?" என்றேன்.

"நீதான். வேற யாரு இருக்கா இங்க?"

"எனக்கென்ன கிறுக்கா? இந்த எருமைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்குத்தான் வண்டி இருக்கே!"

"இருக்கு. பின்னாடி பெட்டியக் கட்டி வெச்சிருக்க. எனக்கு எடமில்ல."

சீட் தணிவு என்று அவர் சொன்னதெல்லாம் என் குட்டைக் காலுக்கு. குலுங்காது, அகலம், சாய்மானம் என்றதெல்லாம் பின்னால் உட்காருகிறவனுக்கு. ஆறு மாதமாக அடுப்படி வாசலில் நின்று இந்த மனுஷன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு ம் கொட்டியிருக்கிறேன். கோபம்தான் முதலில் வந்தது.

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? ஏன் இப்படி சுத்தி வளைக்கிறீங்க?"

"சொன்னா என்ன சொல்லியிருப்ப?"

முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"ரெண்டு வருஷத்துல விக்கிறதப் பத்திக் கேட்டீங்களே" என்றேன். அந்த ரெண்டு வருஷத்தை என் வாயால் சொல்லும்போது உதடு கோணியது. "இதுதான் விலையே போகாதாமே."

"போகாது. அப்பதான் நீ விக்க மாட்ட. நான் பின்னாடி உக்கார முடியாமப் போனப்புறமும் வெச்சு ஓட்டுவ."

மீசைக்காரர் இருமினார். சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். பெண்ணென்று ஒரு விரற்கடைகூடச் சலுகை தரவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு குதிகாலும் தரையில் முழுதாகப் பதிந்தன. கையால் தள்ளக் கூடாது, இடுப்பால் தள்ள வேண்டும் என்பது பெட்டியோடு சந்துபொந்தெல்லாம் திருப்புகிற எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்தக் கனம் வேறு கனம். முதல் உந்தலில் அசையவில்லை. இரண்டாவதில் முனகியது. பிரேக்கைப் பிடித்தேன், மூச்சை இழுத்தேன், உந்தினேன். வழுக்கிய செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால் உந்தினேன். கண்ணெல்லாம் வேர்வை, அல்லது வேர்வை மாதிரி ஏதோ. வாசல் வெளிச்சம் முதுகில் பட்டபோது மீசைக்காரர் சாவியையும் இரண்டு ஹெல்மெட்டையும் நீட்டினார்.

"கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்கம்மா. ஆளு ஏறினப்புறந்தான் வண்டி தெரியும்."

இவர் என் தோளைப் பிடித்து, மெதுவாக, இரண்டு முயற்சியில் ஏறினார். சாய்மானத்தில் சாய்ந்து பார்த்தார். "சோபாதான்" என்றார். பிறகு வலது கையை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து வயிற்றில் வைத்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினைப் போட்டேன். வண்டி முழுக்க ஒரு அதிர்வு ஓடியது, சீட்டில், கைப்பிடியில், என் பல்லில். தெருவைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் எது அவர் கை, எது வண்டி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் ஏதோ கத்தினார். காற்றில் கேட்கவில்லை. சிரித்தார் என்று மட்டும் முதுகுக்குத் தெரிந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிப் போனதில்லை.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நியூட்ரலில் போட்டுக் காலை ஊன்றினேன். இன்ஜின் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. அவர் கை அதற்கு ஒத்துவராமல், தனியாக, என் வயிற்றின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. இடது கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் அடங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மெல்ல இடித்து அப்படியே சாய்ந்து நின்றது.

பச்சை விழுந்தது. கிளட்ச் பிடிக்க எனக்கு அந்த இடது கை வேண்டும். பின்னால் ஒவ்வொருவராக ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.