நாற்பதாவது தலை

நாற்பதாவது தலையில் சிவப்புப் புள்ளி விழுந்தபோது அறையிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வலிப்பு நோயாளிகளின் மூளைப் படத்தில், டாக்டர்களின் கண்ணுக்குத் தப்பிவிடும் சின்னக் கோளாறுகளைத் தேடிப் பிடிக்க ஒரு கணினி நிரலைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். எது கோளாறு என்று அதற்குத் தெரிய வேண்டுமானால் எது சரி என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக, நோய்நொடி இல்லாத நாற்பது பேரின் படங்களை மூன்று வருடம் முன்பே கொடுத்து வைத்திருந்தார்கள். அன்று அந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராக, நோயாளியைச் சோதிப்பது போலச் சோதித்தார்கள். கோளாறு என்று தோன்றிய இடத்தில் நிரல் சிவப்புப் புள்ளி வைக்கும். முப்பத்தொன்பது பேர் சமர்த்தாகத் தேறிவிட்டார்கள்.

"இல்லாத பேயையெல்லாம் பாக்குது சார் இது," என்றார் நிரல் எழுதுகிறவர்.

"நாற்பதைத் தூக்கிடுங்க. படம் எடுக்கறப்ப தலையை ஆட்டியிருப்பாங்க," என்றார் நரம்பு டாக்டர்.

ஸ்கேன் எடுக்கும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டாக்டர் உட்பட அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். அந்தத் தலை ஆடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆடாமல் படுடி என்று அதட்டியதே அவள்தான். அது அவளுடைய சொந்தத் தங்கையின் தலை. வீட்டில் சின்னவள்.

சின்னவளுக்குப் பதினாறு வயதில் ஆரம்பித்தது. திடீரென்று ஒரு கத்தல். கைகள் மேலே போகும், கால்கள் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடித்துக்கொள்ளும். அரை நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து, கலைந்த முடியை முடிந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வாள். நுரை இல்லை, மயக்கம் இல்லை. இதைப் போய் வலிப்பு என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் பரீட்சைக்கு முதல்நாள் வரும், விருந்தாளிகள் வந்தால் வரும். நாடகக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்காவே தன் இயந்திரத்தில் படுக்கவைத்துப் படம் எடுத்தாள். கோளாறு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அவள் காலை உதைத்துக்கொண்டு விழுந்தபோது அம்மா கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "எல்லாரும் கைதட்டுங்க," என்று சொன்னது அக்கா.

ஆகவே, மூன்று வருடம் முன்பு நாற்பதுக்கு நல்ல தலை ஒன்று குறைகிறது என்று இங்கே தேடியபோது அவள் கொஞ்சமும் யோசிக்காமல் தங்கையின் படத்தைக் கொடுத்தாள். 'வலிப்பு வந்ததுண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று தன் கையாலேயே எழுதினாள். பொய் எழுதுகிறோமே என்ற உறுத்தல்கூட அப்போது இல்லை. மறுவருடம் ஒரு காலையில் சின்னவள் படுக்கையில் குப்புறக் கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். படத்தைக் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை, இங்கே வந்து படுத்த ஒவ்வொரு நோயாளியின் மூளையையும் அவளுடைய மூளையோடும்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். செத்த பிறகும் அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள், ஒருநாள் லீவு போடாமல், அக்காவின் கண்ணெதிரிலேயே.

நிரல் எழுதுகிறவரின் கை நாற்பதை அழிக்கப் போனது.

"அழிக்காதீங்க," என்றாள். "அது நல்லா இருந்த ஆள் இல்ல சார். என் தங்கச்சி. அவளுக்கு வலிப்பு இருந்துச்சு. நாங்கதான் நம்பல."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். நெற்றிக்குப் பின்னால், ஒரு மடிப்பின் அடியில், பட்டாணி அளவு இடத்தில் சாம்பல்நிறப் பட்டை தடித்திருந்தது. அது உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியோடு சேரும் கோடு கலங்கியிருந்தது.

"பிறவியிலேயே இருந்திருக்கும்க்கா. இந்த இடத்துலேர்ந்து வந்தா பாக்கறதுக்கு நடிப்பு மாதிரிதான் இருக்கும்."

"வர்றப்ப நினைவு இருக்குமா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வகையில நிறைய பேருக்கு இருக்கும். காது கேக்கும். உடம்புதான் சொன்ன பேச்சு கேக்காது."

அம்மாவிடம் சொல்லாமலே இருந்துவிடலாம். அன்று தான் கன்னத்தில் விட்ட அறையை இந்த வயதில் அம்மா எப்படித் தாங்குவாள்? ஆனால் சொல்லாவிட்டால் சின்னவள் காலத்துக்கும் நாடகக்காரியாகவே கிடப்பாள். படத்தை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறியவள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தாள்.

அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவ நடிக்கலம்மா."

தான் எழுதிய 'இல்லை' வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். காது கேட்கும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள்.

அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

"நான் அறைஞ்சப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்குமாடி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் அக்கா. ஏற்கெனவே ஒருமுறை எழுதிய 'இல்லை' போதாதா?

"நான் கைதட்டச் சொன்னதுகூடக் கேட்டிருக்கும்மா," என்றாள்.

அம்மா படத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேய்க்க ஆரம்பித்தாள். கதவில் தலையை இடித்துக்கொண்டு வந்த குழந்தைக்குத் தேய்த்துவிடுவது போல, மெதுவாக, வட்டம் வட்டமாக. காகிதம் நைந்துகொண்டிருந்தது.