தெளிவு என்று எழுதினேன்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் அடைத்துக்கிடந்த சாக்கடைக் கானை வெறுங்காலோடு இறங்கி வெட்டிவிட்டவள் என் மனைவி வள்ளியம்மை. பத்தாம் நாள் எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீர் நின்று, முகம் வீங்கி, ஆளே மாறிப்போயிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எனக்குப் புரியும்படிதான் சொன்னார்.

"கிட்னி வேலை செய்யல. ரெண்டு வழி இருக்கு ஐயா. ஒண்ணு, இரத்தத்த மெசினுக்கு எடுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பி ஏத்துறது. வேகமான வேலை. ஆனா இவங்க பிரஷர் ரொம்பக் கம்மி, தாங்காது. மத்தது, வயித்துல குழாய் வச்சு மருந்துத்தண்ணிய விட்டு, ஊறவச்சு எடுக்குறது. மெதுவாத்தான் நடக்கும். இப்ப அதுதான் நல்லது. வயித்துக்குள்ள கிருமி புகுந்தா மட்டும் மெசினுக்கு மாத்த வேண்டி வரலாம்."

வெளியே பையில் வடியும் தண்ணீர் தெளிவா, கலங்கலா என்று ஒவ்வொரு தடவையும் எழுதச் சொல்லித் தாதி ஒரு தாள் கொடுத்தார். கலங்கினால் கிருமி என்றார். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். "எழுதுவேன் மிஸ்" என்று முந்திக்கொண்டு வாங்கினேன்.

"என்னா, பரீட்சையா எழுதுறீங்க? இப்புடி வேர்க்குது" என்றாள் வள்ளியம்மை. இரண்டு நாளில் வீக்கம் வற்றியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் தாயைப் பார்க்க வந்த கடைக்காரர் மொஹிதீன் எனக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

"எங்க வாப்பாவ மெசின்லதான் போட்டாங்க தம்பையா. பேசிட்டே இருந்த மனுசன். அரை மணித்தியாலத்துல பிரஷர் விழுந்து மௌத்தாப் போயிட்டாரு."

"பயங்காட்டாதீங்க முதலாளி."

"நடந்தத சொன்னேன். சீனி போதுமா?"

மூன்றாம் நாள் காலை, பையில் வந்த தண்ணீர் அரிசி கழுவியதுபோல் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சொன்னால் மெசின். தாளில் 'தெளிவு' என்று எழுதிவிட்டு, தாதி வருமுன் நானே கொண்டுபோய்க் கொட்டினேன். பகலிலும் அப்படியே செய்தேன்.

"வயிறு எரியுதுங்க. தண்ணி எப்புடி வருது?"

"நல்லா வருது."

நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னேரம் கட்டிலே ஆடும்படி நடுங்கத் தொடங்கினாள். அப்போதுதான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

டொக்டர் பையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காலையிலயே சொல்லியிருந்தா மருந்து குடுத்துப் பார்த்திருக்கலாம். இப்பக் கிருமி இரத்தத்துல போயிருச்சு. மெசின்தான்."

"பிரஷர்?"

"வந்த அன்னைக்கு இருந்தத விடக் கம்மி."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் என் விரலைப் பிடித்தாள்.

"எங்க கொண்டுபோறாங்க?"

"மெசினுக்கு."

"அது வேகமாம்ல. டொக்டர் அன்னைக்குச் சொன்னாரே" என்று சிரிக்கப் பார்த்தாள். "அப்ப சுருக்கா வீட்டுக்குப் போயிரலாம்."

ஆமென்று தலையாட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்னை விடவில்லை.