பாத்திரம் ஆடாத நாள்

ஐடாவின் சமையலறை ஷெல்ஃபில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டபடி கவிழ்ந்திருக்கும். அழகுக்காக அல்ல. தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் வீடுகளில் பாத்திரம் சத்தம் போட வேண்டும். அந்தக் காலத்தில் பூமிக்குள் பாறை வெடித்தால், சங்கு ஊதுமுன் பாத்திரம் ஆடிச் சொல்லிவிடும். பெண்கள் போட்டது போட்டபடி சுரங்க வாயான ஷாஃப்ட்டுக்கு ஓடி, ஆட்களோடு கேஜ் லிஃப்ட் மேலே வரும்வரை நிற்பார்கள். ஐடாவின் அம்மாவும் அப்படி ஓடியவர்தான், ஐடாவை இடுப்பில் வைத்துக்கொண்டு.

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாயிற்று. தண்ணீர் நிறைந்த பழைய சுரங்கத் தளங்கள் எங்கோ சரிந்தால் டம்ளர்கள் இன்னும் கிணுகிணுக்கும். உடனே ஐடா போனை எடுப்பாள். கணவன் ரோனி இமயமலையில் ரோட்டுக்குக் குடையும் சுரங்கத்தில் ஃபோர்மேன்.

"நல்லாக்கிறீங்களா?"

"ஆடுனது உங்க ஊரு. எனுக்கு இன்னா?" என்று சிரிப்பான்.

போன கிறிஸ்துமஸ் லீவில் வந்தவன் சிரிக்கவில்லை. "நம்மூரு கல்லு தட்டுனா கணீர்னு பேசும். அங்க தட்டுனா உதிருது ஐடா. நீ வேணான்னு சொல்லு, நான் போவல" என்றான்.

வேண்டாம் என்றால் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை, தினம் ரயிலில் தொங்கல். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஜியாலஜி படிக்கும் மகள் ஆஷ்லியைக் கேட்டாள்.

ஆஷ்லி கோரைப்பாயை விரித்தாள். "இது நம்ம நாடு மம்மி. தெக்க ஒரு பெரிய கண்டத்துல இருந்து பிச்சிக்கினு வடக்க நவுந்துச்சு. பின்னாடி இந்து மகாசமுத்திரம் தெறந்துச்சு. முன்னாடி இருந்த கடல் மூடிக்கிச்சு." காலால் தள்ளினாள். பாய் சுவரில் முட்டி மடிப்பு மடிப்பாக எழுந்தது. "கடலோட தரை அடியில பூந்து போச்சு, மேல இருந்த சேறு நசுங்கி மலையாச்சு. இன்னும் தள்ளினே கீது. அதான் கல்லு உதிருது."

"அப்ப நம்மூரும் டாடி இருக்கிற எடமும்?"

"ஒரே பாய்தான். இது இந்த முனை, அது அந்த முனை."

வேண்டியதை மட்டும் பொறுக்கிக் காதில் போட்டுக்கொள்வதில் ஐடாவை மிஞ்ச ஆளில்லை. உதிரும் கல்லை விட்டுவிட்டாள், ஒரே பாயைப் பிடித்துக்கொண்டாள். அந்த முனையில் ஒன்று ஆனால் இந்த முனையில் டம்ளர் சொல்லாமலா போகும்? யாரும் சொல்லுமுன்னே தனக்குத் தெரிந்துவிடும் என்கிற தைரியத்தில், "போய்ட்டு வாங்க" என்றாள்.

ஒரு சனிக்கிழமை பகல், மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரோனியோடு வேலை செய்யும் ஏனோக்.

"அக்கா, காலைல ரூஃப் எறங்கிடுச்சு. அண்ணன் உள்ள மாட்டிக்கினாரு. தோண்டினு இருக்காங்க."

"எங்க வீட்ல ஒண்ணும் ஆடலயே ஏனோக்" என்றாள் ஐடா. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

டம்ளர்கள் காலையில் கவிழ்த்த இடத்திலேயே இருந்தன. ஐடா ஷெல்ஃபை இரு கையாலும் பிடித்து உலுக்கினாள். எல்லாம் தரையில் விழுந்து உருண்டன.

ஆஷ்லி ஓடிவந்தாள்.

"ஒரே பாய்னு சொன்னியேடி! டாடி மேல மலை எறங்கிக்கீது, ஒரு சொம்புகூட சொல்லலயே!"

"மம்மி... ஒரு கூரை விழறதெல்லாம் இவ்ளோ தூரம் தெரியாது. நான் அப்படிச் சொல்லலயே..." ஆஷ்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சொல்லவில்லைதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காமல் விட்டது யார் என்று ஐடாவுக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

செருப்புகூட இல்லாமல் தெருவில் இறங்கி ஓடினாள். ஷாஃப்ட் பக்கம் ஒரு பெண் ஓடினால் அர்த்தம் ஒன்றுதான். பாத்திரச் சத்தம் கேட்டிருந்த பக்கத்து வீட்டு ஜெயம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். வழியில் இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

சுரங்கத்து கேட்டில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே ஷாஃப்ட்டின் வாயை கான்கிரீட் போட்டு அடைத்திருந்தார்கள். ஐடா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க இன்னா கீது ஐடா? மூடி எத்தினி வருசமாச்சு!" என்றாள் ஜெயம்மா, மூச்சு வாங்க.

ஐடா திரும்பவில்லை.

"வேற எங்கக்கா போயி நிக்கறது?"