எதற்கென்று சொல்லாத மன்னிப்பு

"அத்தா, தியாகராசன் வீட்டுக்குப் போய் நடந்ததச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க."

சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. அதிலும் நான் எடுக்கவே கூடாது.

அத்தா பெட்டியின் மேல் குனிந்து, ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. நிமிரவில்லை. அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

மறுநாள் விடியலில் அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார்கள். ஒரு வாரமாக அத்தா கூத்தாநல்லூர் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க." எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "மன்னிச்சாச்சு பாய், எங்களுக்கும் துஆ செய்யுங்க." பிறகு ஒரு கிளாஸ் சர்பத். எந்தத் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதை இல்லை. போக வேண்டிய வீடுகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில் தியாகராசன் என்று எழுதினேன். அம்மா அந்த வரியை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு வேணாம், லத்தீஃபா" என்றார் அத்தா.

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் அம்மா மெஹராஜ் பேகம் கோபப்பட்டால் தெரு முனை வரை கேட்கும். இன்றைக்குக் குரலை அடக்கிப் பேசினாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"உன்னைப் படிக்க வெச்சது தப்பு. நாலு எழுத்து தெரிஞ்சதும் பெத்தவர நிக்க வெச்சுக் கேள்வி கேக்குற."

"இத காலேஜுல படிக்கலம்மா. ஓதுற பள்ளில படிச்சேன். நீதான் முக்காடு போட்டு அனுப்புன."

இந்த வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை எப்படி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு, கார்த்திகை மாதம். விடாத மழை. தஞ்சாவூரில் ஒன்பதரைக்குப் பரீட்சை. விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு தம்பி அஸார் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் பறந்தான். ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் போன். நான் பின்னால் உட்கார்ந்து "சீக்கிரம் போடா, சீக்கிரம் போடா" என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரை ரோட்டில், மதகுக்குப் பக்கத்தில், முன்னால் சைக்கிளில் போன ஆளை இடித்தோம். மண்வெட்டி ஒரு பக்கம் விழுந்தது, ஆள் ஒரு பக்கம். தியாகராசன். சம்பா வயலில் தேங்கிய தண்ணீரை வடியவிடப் போய்க்கொண்டிருந்தவர். கண் திறக்கவில்லை.

"நீ போ, நான் பாத்துக்குறேன். பஸ் வந்துடுச்சு பாரு" என்றான் அஸார்.

பஸ் உண்மையிலேயே வந்திருந்தது. ஏறினேன். பரீட்சை எழுதினேன். எழுபத்தெட்டு மார்க்.

அஸார் அவரை லோடு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உண்மை. மீதியை அத்தா சொன்னார். "குடிச்சுட்டு மதகுல விழுந்து கெடந்தான் சார். என் புள்ளதான் தூக்கிட்டு வந்தான்." டாக்டரிடம் ஒரு முறை, போலீசிடம் ஒரு முறை. யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. ஐந்து வேளையும் பள்ளிவாசல் முன்வரிசையில் நிற்கிற மனிதர் அத்தா. தலையைத் தரையில் வைத்துச் சஜ்தா செய்து செய்து நெற்றியில் தழும்பு. ஜெக்கரியா பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தழும்பைத்தான் அவர்கள் நம்பினார்கள். நாலாவது மாதம் அஸார் குவைத்துக்குப் போய்விட்டான். குடிகாரனைக்கூடத் தூக்கிக் காப்பாற்றிய குடும்பம் என்று ஊர் எங்களை மெச்சியது.

தியாகராசன் பிழைத்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே சரியில்லை. கோல் ஊன்றினால் வாசல் வரை வருவார். "பின்னாலேருந்து ஏதோ வந்து இடிச்சிச்சுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். "இடிச்சது குவார்ட்டரா, ஆஃபா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பார். பதினோரு வருடத்துக்கு முன்னால், மனைவி அமிர்தம் சாகக் கிடந்தபோது, அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர் அவர். மகள் செம்மொழி அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். பிளஸ் டூ வரை அவளும் நானும் ஒரே பெஞ்சு. அந்தக் கார்த்திகையிலிருந்து அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள்.

"எங்கம்மாட்ட பண்ண சத்தியத்தயே குடிச்சுட்டாருடி" என்றாள் என்னிடம். என்னிடமே. நான் "ம்" என்றேன்.

அம்மா பெட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அந்தாளுக்கு நாம என்ன கொறை வெச்சோம்? ஆஸ்பத்திரில பாத்தோம். நோன்புல கஞ்சி போவுது. பெருநாளைக்கு அரிசி போவுது."

"அவரு அரிசி கேக்கலம்மா. நான் குடிக்கலன்னு யாராச்சும் ஒரு ஆள் சொல்லுங்கன்னு கேக்குறாரு. அது நம்ம மூணு பேருக்கும் தெரியும்."

"உன் தம்பிக்குப் பொண்ணு பேசியிருக்கு. ஊருக்கு வர்றப்ப ஏர்போர்ட்டுலயே புடிச்சு உள்ள வெச்சா நீ போயி பிரியாணி குடுப்பியா?"

"வண்டில நானுந்தான் இருந்தேன். சீக்கிரம் போடான்னு சொன்னவ நான். என்னையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்."

"கிறுக்கச்சி."

அப்போதுதான் அத்தா நிமிர்ந்தார்.

"நான் போனேன்."

அம்மா திரும்பினாள். "எங்க போனீங்க?"

"தியாகராசன் வீட்டுக்கு. நேத்து சாயங்காலம், மக்ரிபுக்கு முன்னாடி." அத்தா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "உன் பட்டியல் எனக்கு வேணாம், லத்தீஃபா. எந்த வீட்டுக்குப் போகணும்னு எனக்குத் தெரியாதா? போனேன். கோல ஊனிக்கிட்டு எந்திரிச்சு வந்தான். உக்காருங்க பாய்னு நாற்காலியத் தொடச்சுப் போட்டான். தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டான். நீங்க என்ன பாய் தப்பு செய்யப் போறீங்க, அப்படியே இருந்தாலும் மன்னிச்சுட்டேன், நல்லபடியா போயிட்டு வாங்கன்னான். அவன் வாயால சொன்னான். போதும்ல? முடிஞ்சிச்சுல்ல?"

அம்மா பெருமூச்சு விட்டாள். "அல்ஹம்துலில்லாஹ். கேட்டியாடி?"

இந்த மனிதர் அந்த வாசல் வரை நடந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்திருக்கிறார். அத்தனை தூரம் போனவர் ஒரே ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அத்தா, நம்ம கடையில சிமெண்டு மூட்டை ஈரம் பட்டுக் கட்டி புடிச்சிடுச்சுன்னா என்ன செய்வீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சொல்லுங்க."

நானே சொன்னேன். "தனியா எடுத்து வெச்சு, இது கட்டி புடிச்ச மூட்டைன்னு வாங்குறவங்ககிட்ட சொல்லித்தான் விப்பீங்க. ஒருதடவ வேலையாளு சொல்லாம வித்துட்டான்னு வலங்கைமான் வரைக்கும் போயி மூட்டைய மாத்திக் குடுத்துட்டு வந்தீங்க. கொறையச் சொல்லாம வித்தா அது ஹராம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். தியாகராசன்கிட்ட என்ன மூட்டைன்னு சொன்னீங்களா? எதுக்குன்னு தெரியாம மன்னிச்சது எப்படிச் செல்லும்?"

அத்தாவின் விரல்கள் இஹ்ராம் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தன.

"ஹஜ்ஜு கபூலாச்சுன்னா, அல்லாஹ் ஏத்துக்கிட்டான்னா, அன்னைக்குப் பொறந்த புள்ள மாதிரி ஆயிடுவோம்" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவள் குரலில் தெம்பு இல்லை.

"அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்ப அல்லாஹ் மன்னிப்பான். அடுத்த மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அது அவரோட ஹக்கு, அவரோட உரிமை. அவரு தொழுவுறவரா, கோயிலுக்குப் போறவரான்னு அதுல பிரிச்சுப் பாக்கல. ஓதுற பள்ளி உஸ்தாத் பீ எத்தனை தடவ சொன்னாங்க."

உனக்கே எதிராக இருந்தாலும், பெற்றவர்களுக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில் என்ற குர்ஆன் கட்டளையை ஏழு வயதில் ராகம் போட்டு மனப்பாடம் செய்தேன். பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். பெற்றவர்கள் என்ற இடத்தில் ஜெக்கரியா, மெஹராஜ் பேகம் என்று பெயர் வரும் என அப்போது தோன்றவில்லை.

"இன்னொன்னும் சொன்னான்" என்றார் அத்தா. யாரையும் பார்க்கவில்லை. "காபாவுக்கு முன்னாடி நின்னு எனக்காக ஒண்ணு கேளுங்க பாய்னு சொன்னான். என் புள்ள என்கிட்ட பேசணும்னு கேளுங்க, அது போதும்னான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேப்பீங்களா அத்தா?" என்றேன். குரல் உடைந்ததில் எனக்கே எரிச்சல் வந்தது. "அங்க போயி, அந்தப் புள்ள பேசணும் யா அல்லாஹ்ன்னு கையேந்துவீங்களா? பேச வைக்கிற வார்த்தை உங்க வாயில இருக்குறப்ப?"

"வந்து சொல்லிடறேன். ஹஜ்ஜு முடிச்சுட்டு வந்து நானே போயி சொல்லிடறேன். அஸாருக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டு. நாப்பது நாளு. நாப்பதே நாளு பொறுத்துக்க."

"நீங்க இல்லாம போயிட்டா? அவரு இல்லாம போயிட்டா?"

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். அத்தா எழுந்தார். பழக்கம் அவரை எழுப்பியது. குழாயடியில் முகம் கழுவினார், முழங்கை வரை கழுவினார், ஈரக் கையால் தலையைத் தடவினார். பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அவர் வீட்டில் தொழுது நான் பார்த்தது காய்ச்சல் நாட்களில் மட்டும்தான். இன்றைக்கு ஹாலில் பாயை விரித்துத் தக்பீர் கட்டினார்.

அவர் மேல் எனக்கிருந்த கோபம் குறையவில்லை. அவர் பாவமாகவும் இருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

அறைக்குள் போய் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். கதவை அடைத்துக்கொண்டு அம்மா நின்றாள்.

"அவரு தொழுது முடிக்கட்டும்டி. ஒருவேள வர்றேன்னு சொல்லுவாரு."

"சொன்னா பின்னால வரட்டும். எனக்கு அந்த வீட்டு வழி தெரியும், அத்தாவுக்கும் தெரியும்."

"இப்பவே போகணுமா?"

"செம்மொழி வீட்டுல இருக்கா. அஞ்சு மணிக்கு வரேன்னு காலையிலேயே போன் பண்ணிட்டேன். அத்தாவோட வருவேன், இல்லன்னா தனியா வருவேன்னு சொல்லியிருக்கேன்."

அம்மா என்னையே பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நான் சம்மதம் கேட்கவில்லை. அத்தாவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

"செம்மொழிகிட்ட சொல்லிட்டு எங்க போவ?" என்றாள் மெல்ல.

"அவளும் அவங்கப்பாவும் எங்க கூப்பிட்டாலும். ஸ்டேஷனுக்குன்னா ஸ்டேஷனுக்கு."

கதவிலிருந்து அவள் கை தானாக இறங்கியது. விலகினாள் என்று சொல்ல மாட்டேன். பிடித்துக்கொள்ள முடியவில்லை.

ஹாலைக் கடந்தேன். அத்தா சஜ்தாவில் இருந்தார். ரொம்ப நேரமாக எழவில்லை. நான் நிற்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது வழியனுப்ப ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் பக்கத்துத் தெரு சமீர் மாமா. கையில் பழப்பை.

"என்ன லத்தீஃபா, ஹாஜியார் வீட்டுப் பொண்ணு இந்நேரத்துல எங்க கெளம்பிட்ட? அத்தா உள்ளயா?"

"தொழுதுகிட்டு இருக்காங்க மாமா. உள்ள போயி உக்காருங்க."

"நீ எங்கம்மா?"

"தியாகராசன் வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரை ரோட்டுப் பக்கம் நடந்தேன்.