ஊசி போடாத குஞ்சுகள்

தவளைக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று அனுமந்தன்பட்டி முழுக்கப் பவானியின் பெயரைப் பரப்பியது அவள் அண்ணன் ஈஸ்வரபாண்டிதான். பெங்களூரு ஆய்வகத்தில் அவள் செய்வது வைத்தியமே இல்லை. தவளைக் கருவின் முதுகில் இரண்டு விளிம்புகள் எழுந்து ஒட்டி, தலை மூடிக்கொள்ள ஒரு மரபணு வேண்டும். அதற்கு முன்னால் ஸ்விட்ச் மாதிரி ஒரு சின்னத் துண்டு உண்டு. அதை வெட்டிவிட்டால் மரபணு விழிக்காது, குஞ்சு திறந்த தலையோடு வரும். அந்த மரபணு செய்யவேண்டிய சரக்கை, முட்டை இரண்டாகப் பிரியும் முன்பே ஊசியில் ஏற்றினால் தலை மூடிவிடும். பொங்கலுக்கு வந்தபோது, ஊசி போட்டுத் தலை மூடிய குஞ்சின் படத்தை போனில் காட்டித் தொலைத்தாள். அண்ணன் வாழைக்காய் மண்டியில் ஒருத்தரிடமும் அதைச் சொல்லாமல் விட்டுவைக்கவில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் தேனிக்குப் போன அவன் மனைவி நாகஜோதியிடம், பிள்ளைக்கு மண்டை மூடவில்லை என்றார் டாக்டர். பிறந்தாலும் தங்காதாம், கலைத்துவிடுவதே நல்லதாம். ஈஸ்வரபாண்டி அசரவில்லை. தங்கைக்கு போன் போட்டான். மறுநாளே பவானி வந்து இறங்கினாள்.

"மருந்து எங்கத்தா? பைக்குள்ளயா இருக்கு?"

"அண்ணே, அது முட்டையில போடுற ஊசி. பிள்ளைக்கு எதனால இப்படி ஆச்சுன்னே தெரியாது. தலை மூடுற நேரம், மதினிக்கு நாள் தள்ளிப்போன சந்தேகம் வர்றப்பவே முடிஞ்சிருச்சு."

"லேட்டாப் போட்டா லேட்டா மூடட்டும்."

"மூடாதுண்ணே."

"தவளைக்குச் செய்வ, எம்பிள்ளைக்குச் செய்ய மாட்டியா?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கும்பிட்டான். கூடப் பிறந்தவன் தன்னைக் கும்பிடுவதைப் பார்க்கப் பவானிக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மரபணு எப்போது விழிக்கும், எது அதை எழுப்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? படித்த படிப்பெல்லாம் குப்பை என்று ஆத்திரம் வந்தது.

உள்ளே கட்டிலில் நாகஜோதி சுவரோரம் சாய்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாக. உங்க அண்ணனை விடு, அவுக மனசு ஆறாது. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு பவானி. ஊசி போடாம விட்ட குஞ்சுகளுக்கு வலிக்குமா?"

பவானி அவற்றை ஆயிரக்கணக்கில் பார்த்தவள். நீளம் அளந்திருக்கிறாள், சாயமேற்றிப் படமெடுத்திருக்கிறாள். வலிக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"வலிக்காது மதினி," என்றாள்.

நாகஜோதி அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது.