சிரம்பானுக்குப் போன படம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், கணேசமூர்த்தியின் ஆபீஸ் துரை சீமைக்குக் கிளம்பும்போது தன் பழைய கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். மூடியைத் திறந்தால் ஆர்மோனியம் மாதிரி துருத்தி வெளியே நீளும். அன்றிலிருந்து அவர் குடியிருந்த காஜா பெராங்கில் கணேசமூர்த்தியின் நடையே மாறிப்போனது. கோயில் வாசல், வாழைக்குலை, பக்கத்து வீட்டுச் சேவல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பாதிப் படங்களில் அவர் விரல் விழுந்தது. மீதிப் படங்களில் யாருக்கும் தலை விழவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கமலவேணியின் தங்கை பூங்காவனத்துக்குச் சிரம்பானிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜெயபாலன் ரயில்வேயில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. பெண்ணின் படம் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள்.

“ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றாள் கமலவேணி.

“வீட்டுல கேமராவை வச்சிக்கிட்டு ஸ்டூடியோவா? ஊரே சிரிக்கும்.”

“நீங்க எடுத்தாத்தான் சிரிக்கும்.”

கணேசமூர்த்தி காதில் வாங்கவில்லை. பூங்காவனத்தைப் பட்டுச்சேலை கட்டச்சொல்லி, செம்பருத்தி வேலியோரம் நிறுத்தினார். “அசையாதே. மூச்சு விடாதே.” வெயிலைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், மறுபடி வெயிலைப் பார்த்தார்.

“அத்தான், செத்துடுவேன் போலிருக்கு!”

அந்தக் கணத்தில் க்ளிக்கென்று அமுக்கினார்.

பிலிமைக் கழுவ டவுனில் சீனர் கடையில் கொடுத்தார். படத்தை அனுப்ப வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள். அன்றைக்கு அவருக்குக் கிளேபாங் பக்கம் வேலை. அதனால் விலாசம் எழுதிய உறையையும் கடை முதலாளி தவுக்கேயிடம் கொடுத்து, சேலை கட்டிய பெண் படத்தை இதில் போட்டு வெள்ளிக்கிழமையே தபாலில் சேர்த்துவிடும்படி மலாயில் சொல்லிவிட்டு வந்தார். தான் எடுத்த படத்தைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

சனிக்கிழமை மற்றப் படங்களை வாங்கப் போனார். பூங்காவனத்தின் படத்தில் இன்னொரு பிரதி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. முகம் அப்படியே பளிச்சென்று விழுந்திருந்தது. விரல் இல்லை, தலை இருந்தது. பூரித்துப்போனவரின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. பெண்ணின் வயிறு பூசணிக்காய் மாதிரி உருண்டு முன்னே நின்றது.

படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். உற்றுப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. அது அவர் முன்பே எடுத்திருந்த மெர்டேக்கா ஊர்வலப் படத்தில் பேண்டுக்காரன் சுமந்துபோன பெரிய டிரம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் திருகைத் திருகிப் பிலிமை நகர்த்த வேண்டும். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டிருந்தவர் அதை மறந்துவிட்டார். டிரம்முக்கு மேலேயே பூங்காவனமும் பதிந்துவிட்டாள். பேண்டுக்காரன் புகையாகக் கரைந்திருந்தான். வெள்ளை டிரம் மட்டும் கரையவில்லை.

“தவுக்கே! அந்த உறை?”

“சுடா போஸ்”, தபாலில் போட்டாயிற்று என்றார் தவுக்கே, சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடித்த திருப்தியோடு.

வீட்டில் கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். பூங்காவனம் படத்தை வாங்கிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே கணேசமூர்த்தி சிரம்பானுக்கு ஓடினார். தபால் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பாக்கியலட்சுமி படத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணேசமூர்த்தி கேமராவை மேசைமேல் வைத்து, துருத்தியை இழுத்துக் காட்டி, திருகைத் திருகிக் காட்டி, ஊர்வலத்தையே நடந்து காட்டினார்.

அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நீங்க சொல்றது சரியா இருக்கலாம் தம்பி. ஆனா பொண்ணை நேரில பார்த்திடுறோம்.”

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் வந்தார்கள். பூங்காவனம் காப்பித் தட்டோடு வந்தாள். பாக்கியலட்சுமியின் கண் முகத்துக்குப் போகாமல் நேராக இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

பூங்காவனம் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “டிரம்மை பேண்டுக்காரங்ககிட்டயே திருப்பிக் குடுத்தாச்சு, அத்தை.”

ஜெயபாலனுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. கமலவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாக்கியலட்சுமி பூங்காவனத்தின் முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது.

“வாய்க்காரிதான். எங்க வீட்டுல ரொம்ப அமைதி, இவ வரட்டும்” என்றார்.

வெற்றிலை மாற்றி முடிந்ததும் ஜெயபாலன் ஆசையோடு, “அந்தக் கேமராவைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டான். அதில் அன்று காலைதான் குடும்பம் முழுவதையும் கணேசமூர்த்தி எடுத்து வைத்திருந்தார். கொடுத்தார். மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதையோ நெம்பினான். பின்மூடி படக்கென்று திறந்து, பிலிம் சுருள் நல்ல பகல் வெளிச்சத்தில் மடியில் அவிழ்ந்தது; காலையில் எடுத்த குடும்பம் முழுவதும் அந்த வெளிச்சத்தோடு போயிற்று.

“இது இப்படித்தான் திறக்குமா அண்ணே?”

“ஆமாம் மாப்பிள்ளை” என்றார் கணேசமூர்த்தி. எழுந்து அடுப்படிக்குப் போய், சொம்பிலிருந்த தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார்.