கடைசி அத்தியாயத்தை நான்தான் படிப்பேன்

லேத் பட்டறையில் அப்பாவின் கண்ணில் இரும்புத் துகள் தெறித்துவிட்டது. அதை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரிக்கும்வரை புத்தகம், டிவி, போன் எதுவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குக் கண் வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பாதி படித்து வைத்திருந்த துப்பறியும் நாவலில் நகைக்கடை முதலாளியைக் காணவில்லை. கடத்தியது யாரென்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா துணிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். விடுமுறையில் வீட்டில் இருந்தது மகள் வாலு மட்டும்தான். அவளோ புத்தகத்தைக் கண்டாலே காததூரம் ஓடுகிறவள். வகுப்பில் திக்கித் திக்கிப் படித்ததற்கு எல்லோரும் சிரித்ததிலிருந்து அப்படி. அம்மாவும் படம் போட்ட புத்தகங்கள் வாங்கினாள், கெஞ்சினாள், மிட்டாய் காட்டினாள். மிட்டாய் மட்டும் தீர்ந்தது.

"வாலு, ஒரே ஒரு பக்கம் படிச்சுக் காட்டேன்."

"எனக்கு வராதுப்பா. சிரிப்பீங்க."

"நான் எங்கேம்மா சிரிக்கறது? அந்த ஆளு உயிரோட இருக்காரான்னே தெரியாம தவிச்சுக்கிட்டு இருக்கேன்."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள். விரலை வரிக்கடியில் நகர்த்தினாள். "கதவுக்குப் பின்னால... இ... ர... த்..."

"ரத்தமா?" அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இருங்கப்பா, படிக்க விடுங்க."

அவர் எங்கேயும் திருத்தவில்லை. திருத்த அவருக்குப் பொறுமை ஏது? "அப்புறம்?" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. மறுநாள் காலையில் பல் தேய்த்த கையோடு அவளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"டிரைவர்தான். அவன் முழியே சரியில்ல," என்றார் அப்பா.

"கணக்குப்பிள்ளைப்பா. கடை பூட்டியிருந்துச்சு, உள்ளேயே போகலைங்கறாரு. ஆனா ஃபேன் ஓடிச்சுங்கறாரு. அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"அட! சரி, மேல படி," என்றார் அப்பா.

கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் புத்தகத்துக்குக் கை நீட்டினார். கடைசி அத்தியாயம் பாக்கியிருந்தது. வாலு அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நீங்க மனசுக்குள்ளேயே படிச்சு முடிச்சிடுவீங்க. நான்தான் படிப்பேன்."

"கண்ணுதான் சரியாயிடுச்சேடி."

"இருக்கட்டும். காதைக் கொடுங்க."

நாற்காலி மேல் ஏறி நின்று படித்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கட்டைக் குரல், கணக்குப்பிள்ளைக்குக் கீச்சுக் குரல். இரண்டொரு இடத்தில் தடுக்கியது. யார் முகத்தையும் பார்க்காமல், வரியின் ஆரம்பத்துக்குப் போய் மறுபடி படித்தாள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்ஸ்பெக்டர் கணக்குப்பிள்ளையின் கையில் விலங்கை மாட்டினார்."

புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல!"

"ஒத்துக்கறேன் தாயே." அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மா அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி வாலு கேட்டாள்: "அப்பா, இதே இன்ஸ்பெக்டர் வர்ற வேற புத்தகம் இருக்கா?"

புத்தகக் கடை சாத்துவதற்குள் போய்விட வேண்டுமென்று அப்பா அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.